மேய்புலமும் ஓய்வும்: செட்டிநாட்டுச் செம்மறி வளர்ப்பு பற்றிய ஓர் ஆய்வு

தமிழர் வாழ்வை நிலத்தொடு பொருத்தி வகுத்த பண்டைச் சான்றோர், காடும் காடு சார்ந்த இடமும் முல்லை எனக் கொண்டு, ஆவும் ஆடும் மேய்த்து வாழ்வோரை அந்நிலத்து மக்களாக வைத்தனர். முல்லைத்திணையின் கருப்பொருள், உரிப்பொருள் பற்றிய ஆராய்ச்சிக் கட்டுரைகள் பல வெளிவந்துள்ளன. அத்திணைக்கு அடிப்படையாய் அமைந்த மேய்ச்சல் தொழில் இன்று எந்நிலையில் உள்ளது என்ற வினாவோ தமிழ் பயில்வோரிடையே அரிதாகவே எழுகின்றது. தொழில் அழியுமாயின் அத்தொழிலின் சொற்களும் அழியும். சொற்கள் அழியின் பழைய நூல்களுக்கு உரை காண்பதும் அரிதாகும். ஆதலின் இவ்வினா உழவரையும் கால்நடை மருத்துவரையும் மட்டும் சார்ந்ததன்று, நம்மையும் சார்ந்தது.

காரைக்குடியைச் சூழ்ந்த செட்டிநாட்டுப் பகுதியை நிலமாகக் கொண்டு, அங்கு வளரும் செம்மறியின் இயல்பையும், சுழற்சி மேய்ச்சல் என இந்நாளில் வழங்கும் முறையையும் இக்கட்டுரையில் ஆராய்வோம். மேய்புலத்தைப் பல கூறுகளாகப் பகுத்து, ஒரு கூற்றில் ஆடுகள் மேயும்போது ஏனைக் கூறுகள் ஓய்வு பெறுமாறு முறை வைப்பதே சுழற்சி மேய்ச்சல் எனப்படும். இம்முறைக்கு உயிராவது வேலி அன்று, ஓய்வே. அவ்வோய்வை அளப்பது நாட்காட்டி அன்று, புல்லும் ஆட்டின் தொகையுமே என்பது நாம் நிறுவ முற்படும் கருத்தாகும்.

1. மயிர்ச் செம்மறி

செம்மறி என்றதும் கம்பளியை நினைப்பது மேலை நாட்டார் வழக்கு. தமிழ்நாட்டுச் சமவெளிச் செம்மறிகளோ பெரும்பாலும் கம்பளி தருவன அல்ல. உடலை ஒட்டிய குறுமயிர் உடையன. கடும் வெயிலில் அடர்ந்த கம்பளி ஆட்டுக்குச் சுமையாகும். மழையில் நனைந்தால் உலர நெடும்பொழுது ஆகும். குறுமயிர் இவ்விரு இடர்ப்பாட்டையும் குறைக்கின்றது. மயிர் கத்தரிக்கும் வேலையும் இல்லை. ஆதலின் இவை இறைச்சிக்காகவும், தோலுக்காகவும், எருவுக்காகவும் வளர்க்கப்பெறுகின்றன. தமிழ்நாட்டில் கம்பளிக்கெனப் பெயர் பெற்றது நீலகிரி இனம் ஒன்றே. அதுவும் 19ஆம் நூற்றாண்டில் கோயமுத்தூர் ஆட்டோடு மெரினோ முதலிய அயல்நாட்டு இனங்கள் கலந்து உருவானது, குளிர்மலைக்கு உரியது.

சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களுக்கு உரிய இனம் இராமநாதபுரம் வெள்ளை எனப்படும். சிவகங்கை தனி மாவட்டம் ஆனது 1985ஆம் ஆண்டில். அதற்கு முன் அப்பகுதி இராமநாதபுரத்துள் அடங்கியிருந்தது. ஆதலின் இனப்பெயர் பழைய மாவட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. இவ்வாடு நடுத்தர உடலும், பெரும்பாலும் வெண்ணிறமும், சிறிய மெல்லிய வாலும் உடையது. கிடாய்க்கு முறுக்கிய கொம்பு உண்டு. பெட்டைக்குக் கொம்பு இல்லை. வளர்ந்த கிடாய் ஏறத்தாழ 30 கிலோகிராமும், பெட்டை ஏறத்தாழ 22 கிலோகிராமும் நிறை உடையன. தென்மாவட்டங்களில் கீழக்கரிசல், வேம்பூர் ஆகியனவும், மதுரைப் பக்கம் கச்சைகட்டிக் கருப்பும், சேலம் பகுதியில் மேச்சேரியும், செங்கற்பட்டுப் பகுதியில் சென்னைச் சிவப்பும் இவ்வகையினவே. ஒவ்வோர் இனமும் தான் பிறந்த நிலத்தின் புல்லுக்கும் வெப்பத்துக்கும் ஏற்ப அமைந்தது என்பது கருதத்தக்கது.

2. சொல்லும் தொழிலும்

ஆட்டினத்தைக் குறித்த தமிழ்ச் சொல்வளம் தொன்மையானது. தொல்காப்பிய மரபியல், ஆட்டின் இளமைப் பெயராக மறி என்பதையும், ஆண்பாற் பெயர்களாக மோத்தை, தகர், உதள், அப்பர் என்பவற்றையும், பெண்பாற் பெயராக மூடு என்பதையும் வகுத்துக் கூறுகின்றது. மறி என்ற அப்பழஞ்சொல் இன்று செம்மறி என்ற இனப்பெயருள் நின்று வாழ்கின்றது. மலைபடுகடாம், துருவையும் வெள்ளையும் விரவிய மந்தையைக் காட்டுகின்றது. துருவை என்பது செம்மறி. வெள்ளை என்பது வெள்ளாடு. இரண்டையும் ஒரே மந்தையில் சேர்த்து மேய்த்தல் இன்றும் காணும் வழக்கே. செம்மறி தலை தாழ்த்தித் தரைப்புல்லை மேய்வது. வெள்ளாடு தலை நிமிர்த்தித் தழையைக் கடிப்பது. ஒன்றன் உணவை மற்றொன்று மிகுதியாகப் பறிப்பதில்லை. ஆதலின் அச்சேர்க்கை நிலத்தின் இருவகை விளைவையும் பயன்கொள்ளும் சேர்க்கையாகும்.

ஆடுகள் இரவில் தங்கும் இடத்துக்குக் கிடை என்று பெயர். கிடத்தல் என்னும் தொழிலடியாகப் பிறந்தது அச்சொல். படலோ வலையோ கொண்டு அடைத்த இடம் பட்டி. மேய்ச்சல் நாடி வேற்றூர்க்குப் பெயர்ந்து செல்வது வலசை. இம்மூன்று சொற்களையும் கூர்ந்து நோக்கின் ஓர் உண்மை புலப்படும். அடைத்தல், தங்கச் செய்தல், பெயர்த்தல் என்னும் மூன்று செயல்களே இன்றைய சுழற்சி மேய்ச்சலின் உறுப்புக்கள். இவற்றுக்கு நம் மொழியில் புதுச்சொல் படைக்க வேண்டும் நிலை இல்லை. மேய்ந்த நிலத்தைக் கணக்கிட்டு ஓய்வுக்கு விடுதல் என்ற நான்காம் செயலே தனித்து விளக்கப்பட வேண்டுவது.

3. கீதாரியின் ஆண்டுச் சுழற்சி

செட்டிநாடு வடகிழக்குப் பருவமழையை நம்பிய நாடு. கண்மாய் நிறைந்தால் ஒருபோக நெல் விளையும். செம்மண்ணும் செம்பூரான்கல்லும் மிக்க மேட்டுநிலங்கள் தரிசாகக் கிடக்கும். இந்நிலத்து இடையர், ஆண்டின் பருவத்துக்கு ஏற்பப் புலம் மாற்றினர். ஐப்பசி முதல் மார்கழி வரை, வயலில் பயிர் நிற்கும் காலத்தில், மேட்டுத் தரிசிலும் புறம்போக்கிலும் மேய்த்தனர். தையும் மாசியும் அறுவடைத் தாளை மேய்த்தனர். கோடையில் நீர் வற்றிய கண்மாயின் உட்புறத்தில் மேய்த்தனர்.

இவ்வளவும் போதாத மந்தையினர் வலசை சென்றனர். இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதிகளின் இடையர், சம்பா அறுவடைக்குப் பின் தஞ்சை, திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களுக்கு மந்தை ஓட்டிச் செல்லும் வழக்கம் இன்றும் உண்டு. அக்கூட்டத்தின் தலைவர் கீதாரி எனப்படுவார். சு. தமிழ்ச்செல்வியின் கீதாரி என்னும் புதினம் இவ்வாழ்வைப் பொருளாகக் கொண்டது. நில உடைமையாளர் தம் வயலில் ஆட்டுக்கிடை அமர்த்தி, அதற்கு நெல்லோ பணமோ கூலியாக அளிப்பர். ஆட்டெரு அவ்வாண்டு, மாட்டெரு மறு ஆண்டு என்னும் பொருள்பட வழங்கும் பழமொழி அக்கூலியின் காரணத்தை விளக்கும். ஆட்டுப் புழுக்கை சிறிது. விரைவில் மண்ணோடு கலந்து பயிருக்கு உதவும். ஆட்டின் சிறுநீரும் வயலிலேயே விழுவதால் தழைச்சத்து வீணாவதில்லை. மேட்டூர் அணையைத் திறக்கும் மரபு நாளாகிய சூன் 12 அணுகி, ஆற்றுப்பாசன வயல்களில் உழவு தொடங்கும்போது மந்தைகள் அவ்விடம் விட்டு நீங்கும்.

இங்ஙனம் ஓராண்டு முழுவதும் நிகழும் பெயர்ச்சியை நோக்கின், ஒரு புலமும் ஆண்டு முழுவதும் மேயப்படவில்லை என்பது தெளிவு. மந்தை அகன்ற திங்களில் நிலம் ஓய்வு பெற்றது. ஆயினும் அவ்வோய்வு திட்டமிட்டு அளிக்கப்பட்டதன்று. பரந்த பொதுநிலம் இருந்தமையால் தானே அமைந்தது. பொதுநிலம் சுருங்கிய இடத்தில் அவ்வோய்வும் சுருங்கியது. மேய்ச்சல் புறம்போக்குக்கள் பிற பயன்களுக்கு மாறின. அமெரிக்கக் கண்டத்திலிருந்து 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவுக்குக் கொணரப்பெற்ற சீமைக்கருவேல் எஞ்சிய தரிசுகளில் புதராய் மண்டியது. அதன் நெற்றை ஆடு விரும்பி உண்ணும். ஆனால் நெருங்கிய சீமைக்கருவேற் புதரின் அடியில் நல்ல புல் செழிப்பதில்லை. உண்ட ஆடே அதன் விதையை எங்கும் பரப்புவதும் ஆகின்றது. தமிழ்நாட்டுச் செம்மறியின் தொகை, 2012ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 48 இலட்சமாக இருந்து, 2019ஆம் ஆண்டின் கணக்கெடுப்பில் 45 இலட்சமாகக் குறைந்தது.

4. புல்லுக்கு ஓய்வு வேண்டும் காரணம்

புல்லின் இலையே அதன் உணவுக்கூடம். இலையை ஆடு கடித்த பின், வேரிலும் அடித்தண்டிலும் சேர்த்து வைத்த உணவைக் கொண்டு புல் மீண்டும் துளிர்க்கின்றது. துளிர் வளர்ந்து, இலை விரிந்து, வேரின் இழப்பை ஈடு செய்யுமுன் மறுமுறை கடிக்கப்படின், புல் தன் முதலையே செலவிடும். இவ்வாறு பன்முறை நிகழின் நல்ல புல் மடியும். ஆடு விரும்பாத களையே எஞ்சும். திறந்த புலத்தில் ஆடு பழைய புல்லை விட்டு இளந்துளிரையே தேடிச் சென்று கடிப்பதால், நல்ல புல்லே முதலில் அழிகின்றது.

பிரான்சு நாட்டு அறிஞர் அந்திரே வுவாசேன், 1957ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் இவ்வுண்மையை விதியாக வகுத்தார். ஒரு முறை மேய்ந்த பின் மறுமுறை மேய்வதற்குள் புல் போதிய ஓய்வு பெறுதல் வேண்டும் என்பது முதல் விதி. முதல்நாள் கடிக்கப்பட்ட புல், அதே மேய்ச்சலில் மீண்டும் கடிக்கப்படாதவாறு, ஒரு கூற்றில் தங்கும் காலம் குறுகியதாதல் வேண்டும் என்பது இரண்டாம் விதி. ஓய்வின் அளவு பருவந்தோறும் மாறும் என்பதையும் அவர் வற்புறுத்தினார். புல் விரைந்து வளரும் காலத்தில் குறுகிய ஓய்வும், மெல்ல வளரும் காலத்தில் அதனின் இருமடங்கு ஓய்வும் வேண்டும் என்பது அவர் கருத்து.

நம் மொழியில் நுனிப்புல் மேய்தல் என்பது ஆழ்ந்து கல்லாமையைக் குறிக்கும் இழிவுரை. மேய்புலத்திலோ அதுவே நெறி. புல்லின் மேற்பாதியை ஆடு உண்டு, அடிப்பாதி நிற்குமாயின் துளிர்ப்பு விரைவாகும். மண்ணும் வெயிலிலிருந்து காக்கப்படும். இயல்பாகவே அடிவரை மேயவல்ல செம்மறியை நுனியோடு நிறுத்துவது மேய்ப்பவரின் கடமையாகும்.

5. புல்லின் காலமும் புழுவின் காலமும்

ஓய்வுக்கு மற்றுமொரு காரணம் உண்டு. செம்மறியின் நான்காம் இரைப்பையில் தங்கிக் குருதி உறிஞ்சும் உருளைப்புழு ஒன்று உளது. அறிவியலார் அதனை ஈமாங்கசு என்பர். அதன் முட்டை புழுக்கையோடு நிலத்தில் விழும். வெப்பமும் ஈரமும் பொருந்திய காலத்தில் 4 முதல் 7 நாட்களில் நோய் செய்யவல்ல இளம்புழுவாக வளர்ந்து, புல்லின் ஈரத்தைப் பற்றி மேலேறி, அடுத்து மேயும் ஆட்டின் வயிற்றைச் சேரும். கண்ணிமையின் உட்புறம் வெளுத்தலும், தாடையின் கீழ் வீங்குதலும் இந்நோயின் குறிகள். பனி நீங்குமுன் ஆட்டைத் திறவாத இடையர் வழக்கம், புழு புல்நுனியில் நிற்கும் பொழுதைத் தவிர்க்கும் அறிவுடைய வழக்கமே.

முட்டை புழுவாகுமுன் ஆடுகள் அக்கூற்றை விட்டு நீங்கி, புழு மடிந்தபின் மீள்வது நோயைத் தடுக்கும் வழியாகும். பசிபிக் தீவாகிய தொங்காவில் வெள்ளாடுகளைக் கொண்டு நிகழ்த்தி 1994ஆம் ஆண்டில் வெளியிடப்பெற்ற ஆய்வு ஒன்றில், மேய்புலம் 10 கூறாகப் பகுக்கப்பட்டது. கூறு ஒன்றுக்கு மூன்றரை நாள் மேய்ச்சலும், ஏறத்தாழ 32 நாள் ஓய்வும் வைக்கப்பட்டன. அம்மந்தைக்குப் புழுமருந்து தர வேண்டிய தேவை, ஒரே புலத்தில் நிலைத்து மேய்ந்த மந்தையை விடக் குறைவாயிற்று.

ஆயின் அந்த எண்களை அப்படியே செட்டிநாட்டில் நடுதல் பொருந்தாது. எப்பொழுதும் ஈரம் நிறைந்த தீவு அது. நம் நாட்டிலோ புல்லின் காலமும் புழுவின் காலமும் எதிரெதிராக இயங்குகின்றன. கார்த்திகை மழையில் புல் விரைந்து வளரும். விரைவில் மேய்ச்சலுக்கு ஏற்றதாகும். ஆனால் அவ்வீரத்தில் புழுவும் நெடுநாள் உயிர் வாழும். சித்திரை வெயிலில் திறந்த தரையில் புழு விரைவில் மடியும். ஆனால் புல் வளர்வதே இல்லை. மழைக்காலத்தில் புழுவை அஞ்சியும், கோடையில் புல்லை எண்ணியும் ஓய்வை நீட்ட வேண்டும். ஆதலின் ஆண்டு முழுமைக்கும் ஒரே நாட்கணக்கு வைப்பது பிழை. மழைக்குப் பின் எழும் இளம்புல்லைப் பசித்த ஆடு திடீரெனப் பெருக மேயின் துள்ளுமாரி நோய் வரலாம். அதற்குரிய தடுப்பூசியை மழைக்கு முன்னரே இடுவிப்பதும், முதல் நாட்களில் உலர்தீவனம் கொடுத்தபின் புலத்தில் விடுவதும் நலம்.

6. ஓர் எளிய கணக்கு

ஆட்டின் தொகை ஓய்வை எங்ஙனம் முடிவு செய்கின்றது என்பதை ஒரு கணக்கால் விளக்குவோம். ஒருவரிடம் 5 ஏக்கர் மேய்புலம் உள்ளது. அதனை 10 கூறாகப் பகுத்தார் எனக் கொள்வோம். ஒரு கூறு அரை ஏக்கர், அதாவது ஏறத்தாழ 2,000 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டர் இடத்துப் புல்லை அறுத்து உலர்த்தி நிறுத்ததில் 60 கிராம் இருந்தது எனக் கொண்டால், ஒரு கூற்றில் உள்ள உலர்புல் 120 கிலோகிராம். பாதியைப் புல்லுக்கு விட்டால் ஆட்டுக்கு உரியது 60 கிலோகிராம்.

25 கிலோகிராம் நிறையுள்ள ஆடு, நாளொன்றுக்குத் தன் நிறையில் நூற்றுக்கு மூன்று பங்கு உலர்தீவனம் உண்பதாகக் கொள்வோம். ஓர் ஆட்டுக்கு முக்கால் கிலோகிராம் ஆகும். மந்தையில் 30 ஆடுகள் இருப்பின் நாளொன்றுக்கு 22.5 கிலோகிராம் வேண்டும். ஒரு கூறு மூன்று நாளுக்கும் போதாது. பத்துக் கூறுகளையும் சுற்றி வருங்கால் ஒவ்வொன்றும் பெறும் ஓய்வு ஏறத்தாழ 24 நாள். ஆடுகள் 20 ஆயின் நாளொன்றுக்கு 15 கிலோகிராம் போதும். ஒரு கூறு 4 நாள் தாங்கும். ஓய்வு 36 நாள். நிலம் ஒன்றே, வேலி ஒன்றே. ஓய்வை 24இலிருந்து 36 ஆக உயர்த்தியது ஆட்டின் தொகையைக் குறைத்தமையே. மழை பொய்த்துப் புல் 60 கிராமிலிருந்து 30 கிராமாகக் குறையின், சுற்றும் விரைவை மிகுத்தல் கூடாது. அது புல்லை அழிக்கும் வழி. கிடாய்க்குட்டிகளை உரிய காலத்தில் விற்றுத் தொகையைக் குறைத்தலும், அறுவடைத் தாளுக்கு மந்தையை அனுப்புதலும், சேமித்த கடலைக்கொடி, வைக்கோல் முதலியவற்றை இடுதலுமே தக்கன.

7. மாற்றுக் கருத்தும் கொங்குநாட்டுச் சான்றும்

சுழற்சி மேய்ச்சலை எல்லா நோய்க்கும் மருந்தாகக் கூறுவோர் உளர். அது மிகைக்கூற்று. பிரிசுகு என்பாரும் உடனாய்வாளரும் 2008ஆம் ஆண்டில், பரந்த இயற்கை மேய்ச்சல் நிலங்களில் நிகழ்ந்த சோதனைகளைத் தொகுத்து ஆராய்ந்தனர். சுழற்சி முறை தொடர் மேய்ச்சலை விடப் பொதுவாக மேம்பட்டது என்பதற்குச் சான்று இல்லை என்றும், ஆட்டுமாட்டின் தொகையும் மழையுமே விளைவை முடிவு செய்கின்றன என்றும் அவர்கள் முடிவு கூறினர். இம்முடிவு மேற்காட்டிய கணக்கோடு முரண்படவில்லை; அதனை வலியுறுத்துகின்றது. தொகையைக் குறைக்காமல் வேலியை மட்டும் பெருக்குவோர் பயன் காணார்.

தொகையும் ஓய்வும் ஒருங்கு அமைந்த மேய்புலத்துக்குச் சான்று நம் நாட்டிலேயே உண்டு. காங்கயம் பகுதியின் கொறங்காடு அது. கிளுவையை உயிர்வேலியாக நட்டு, உள்ளே கொழுக்கட்டைப்புல்லை வளர்த்து, இடையிடையே வெள்வேல் மரங்களை நிழலுக்கும் நெற்றுக்கும் வைத்துப் போற்றிய மேய்ச்சல்நிலம் அது. உடைமையாளர் தம் ஆடுமாடுகளை ஒரு காட்டிலிருந்து மறுகாட்டுக்கு மாற்றி மேய்ப்பர். மழை குறைந்த மானாவாரி நாட்டில் அம்முறை தலைமுறை பல நிலைத்தது. கொறங்காட்டுக்கும் செட்டிநாட்டுக்கும் உள்ள வேறுபாடு உடைமையில் உள்ளது. அங்கு ஆட்டுக்கு உரியவரே நிலத்துக்கும் உரியவர். தம் புல்லைக் காப்பது அவருக்கே நலம். இங்கு மந்தை கீதாரியினுடையது. நிலம் ஊரினுடையதோ பிறருடையதோ ஆகும். நிலமற்ற கீதாரியிடம் பத்துக் கூறு வேலியிடுமாறு கூறுவது பொருளற்றது. இன்று அவன் விட்டுச் சென்ற புல்லை நாளை வேறொரு மந்தை மேயுமாயின், ஓய்வு விடுவதால் அவன் பெறுவது யாதும் இல்லை.

ஆதலின் செட்டிநாட்டுக்கு ஏற்ற வழி இரண்டு எனக் கருதுகின்றோம். சொந்த நிலம் உடையோர், சிறு மந்தையும் பகுத்த புலமும் கொண்டு, கொழுக்கட்டைப்புல்லோடு முயல்மசாலைக் கலந்து விதைத்துச் சுழற்சி முறையை மேற்கொள்ளலாம். நிலமற்றோர்க்கோ, ஊர்ப்பொது மேய்ச்சல் நிலங்களைச் சீமைக்கருவேல் நீக்கி மீட்டு, அவற்றை நான்கைந்து பகுதியாக எல்லையிட்டு, எப்பகுதி எத்திங்களில் அடைப்பு, எத்திங்களில் திறப்பு என ஊரார் கூடி முறை வைத்தல் வேண்டும். கண்மாய் மடை திறப்பதற்கு ஊர்முறை வைத்த நாடு இது. நீருக்கு வைத்த முறையைப் புல்லுக்கும் வைத்தல் இயலாததன்று. செட்டிநாட்டில் அரசின் கால்நடைப் பண்ணையும், உலர்நில வேளாண்மை ஆராய்ச்சி நிலையமும் உள்ளன. குன்றக்குடியில் வேளாண் அறிவியல் நிலையம் உள்ளது. இவ்வூர்முறையைச் சிற்றளவில் நடத்தி அளந்து காண்பதற்கு இவை தக்க இடங்களாகும்.

8. சாவா மூவாப் பேராடு

கோயில்களில் நந்தாவிளக்கு எரிக்க ஆடுகள் அளிக்கப்பெற்றமையைச் சோழர் கல்வெட்டுக்கள் பலவாறு குறிக்கின்றன. விளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகள் என்பது பெருவழக்கு. 90 எனவும் காணப்படும். தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்களில், 96 ஆடுகளுக்கு ஈடாக 48 பசுக்களோ 16 எருமைகளோ வைக்கப்பட்டுள்ளன. ஆடுகளைப் பெற்ற மன்றாடிகள் நாள்தோறும் உழக்கு நெய் அளக்கக் கடமைப்பட்டனர். அவ்வாடுகளைச் சாவா மூவாப் பேராடு எனக் கல்வெட்டுக்கள் வழங்குகின்றன. இறப்பனவற்றைப் பிறப்பன ஈடு செய்வதால் மந்தையின் தொகை என்றும் குறையாது. ஆதலின் அது சாவாதது, மூவாதது. மந்தையை முதலாகவும் நெய்யை வட்டியாகவும் கண்ட தெளிந்த பொருளறிவு அதில் விளங்குகின்றது.

அக்கொடைக் கணக்கில் ஆட்டுக்கு எண் உண்டு. நெய்க்கு அளவு உண்டு. புல்லுக்கு எண் இல்லை. காடு பரந்திருந்த காலத்தில் அதனை எண்ண வேண்டும் தேவை எழவில்லை போலும். இன்று நிலை மாறிவிட்டது. மந்தையைச் சாவாமற் காப்பது புல். புல்லைச் சாவாமற் காப்பது ஓய்வு. இவ்வுண்மையைச் செட்டிநாட்டு ஊர்கள் தம் முறைமையாக ஏற்குமாயின், கிடையும் பட்டியும் வலசையும் அகராதியில் மட்டும் எஞ்சாமல், இராமநாதபுரம் வெள்ளை மேயும் நிலத்திலும் வழங்கும். ஏலாவாயின், மறி என்ற சொல்லுக்குப் பொருள் கூற உரையாசிரியர் இருப்பர். காட்டுதற்கு மறி இராது.